இருநூற்று அறுபத்தொன்று

கொப்பியின் புதிய பக்கத்தில் அடிமட்டத்தை வைத்து நான்காவது கோட்டைக் கீறி முடித்தபோதுதான், இன்று இரத்தம் எடுக்க ஒருவரும் வரவில்லை என்பது வின்சன்ற்றுக்கு உறைத்தது.

வழக்கத்தில் ஆறு மணிக்கு முன்பே ஆஸ்பத்திரி நடையில் சில்லு வண்டியின் சத்தம் கேட்கும். மனைவி வேரோனிக்காவின் கையில் நாடாவைக் கட்டி, நரம்பு தேடி, ஊதா மூடிக் குழாய் ஒன்றும் பச்சை மூடிக் குழாய் ஒன்றும் நிரப்பிக்கொண்டு போவார்கள். பத்து மணிக்குள் முடிவு வந்துவிடும். வின்சன்ற் கேட்டு வாங்கிக் கொப்பியில் பதிவார். திகதி, ஈமோகுளோபின், வெண்குருதிக் கலங்கள், பொட்டாசியம், பிலிருபின். ஒவ்வொரு நிரலின் தலையிலும், சுகமாயிருக்கிற ஆளுக்கு அது எவ்வளவு இருக்கவேண்டும் என்பதைச் சிவப்புப் பேனையால் எழுதியிருந்தார். பதினேழு நாட்களாக நீல எண்கள் சிவப்பு எண்களை விட்டு விலகிப் போய்க்கொண்டிருந்தன. ஆனாலும் எழுத்து ஒரு நாளும் கோணவில்லை. திகதி போட்டு அடிக்கோடு இழுத்த பிறகே எதையும் எழுதலாம் என்று பழக்கிவிட்ட பள்ளிக்கூடத்துக் கை அது.

வேரோனிக்காவின் உதட்டை நனைக்க வந்த தாதி மெலிசாவிடம் கேட்டார். அவள் பஞ்சை வைத்துவிட்டு, முழங்காலை மடித்து அவருடைய கண் மட்டத்துக்குக் குனிந்தாள். இங்கே தாதிமார் அப்படிக் குனிந்தால் நல்ல சேதி இல்லை என்று வின்சன்ற் இந்தப் பதினேழு நாட்களில் படித்திருந்தார். இனி எடுக்க வேண்டாமென்று டொக்டர் நேற்று மாலை எழுதிவிட்டார், எடுத்தாலும் அதை வைத்துச் செய்வதற்கு ஒன்றுமில்லை, ஊசி குத்துகிற நோவுதான் மிச்சம் என்று ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னாள்.

“அப்பா, கொப்பியை வையுங்கோ,” என்றாள் ஸ்டெபனி, மடக்குக் கதிரையில் இருந்து. ஒஷாவாவில் படிப்பிக்கிற பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு வந்து ஒரு கிழமை ஆகிறது. வந்த உடுப்புகளையே மாற்றி மாற்றி உடுத்துக்கொண்டிருந்தாள்.

“கோடு கீறிப்போட்டன் பிள்ளை.”

“பரவாயில்லை. வெறுமையா இருக்கட்டும்.”

கதிரைக்குக் கீழே, அவருடைய காலோடு ஒட்டி, பெரிய நீலப் பைல் நின்றது. வீட்டில் மூவருடைய பரிசோதனைத் தாள்களும் ஆளுக்கொரு பிரிவாக இருபது வருடத்துக்கு மேலாக அதற்குள் இருந்தன. டொக்டர்மார் அதைப் பார்த்து வியந்திருக்கிறார்கள். ஸ்டெபனியின் பிரிவில், ஒரு பிளாஸ்ரிக் உறைக்குள் மட்டும் இரண்டு தாள்கள் சேர்ந்து இருந்தன. அவள் அதைப் பார்க்கவில்லை. பார்த்தால் கேட்பாள். கேட்டால் சொல்லவேண்டும். அதனால்தான் ஜூலையில் இருந்து எந்த அப்பொயின்ற்மென்ற்றுக்குப் போனாலும் பைலை அவர் தானே தூக்கினார், தானே திறந்தார்.

ஒன்பது மணியளவில் வேரோனிக்கா கண்ணைத் திறந்தாள். வெள்ளை விழி இருந்த இடத்தில் மஞ்சள். உதடு அசைந்தது. வின்சன்ற் காதைக் கொண்டுபோனார்.

“இண்டைக்கு எவ்வளவு?”

ஒவ்வொரு நாளும் கேட்கிற கேள்விதான். எந்த எண் என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. வின்சன்ற் கொப்பியின் வெறும் கட்டங்களைப் பார்த்தார்.

“நல்லா இருக்கு. எல்லாம் நோமல்.”

“பச்சைப் பொய்,” என்றாள். வாயின் ஒரு பக்கம் மட்டும் மேலே போனது. அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. பின்னேரம் மூன்று பத்துக்கு, மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவில் இருந்த இடைவெளி நீண்டுகொண்டே போய், மூடவில்லை. ஸ்டெபனி தாயின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். வின்சன்ற் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பார்த்ததற்காகப் பிறகு வெட்கப்பட்டார்.

*

வின்சன்ற் இரத்தம் ஏற்றிக்கொண்டு ஓடுகிறவர். பார்க்டேலில் தொடங்கி மேற்கே வழிநெடுகவுள்ள கிளினிக்குகளில் அன்றாடம் எடுத்த குழாய்களைக் குளிர்ப்பெட்டிகளில் அடுக்கி, மிசிசாகாவில் உள்ள லாப்புக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது வேலை. இருபத்திரண்டு வருடம். எத்தனையோ ஆயிரம் பேருடைய இரத்தம் அவருடைய வான் வண்டியின் பின்பக்கத்தில் குலுங்காமல் போயிருக்கிறது. லாப்பின் உள்கதவுக்கு அப்பால் அவர் கால் வைத்ததில்லை. ஆனால் பெட்டி இறக்கிவிட்டுக் காத்திருக்கிற நேரத்தில் அங்கே வேலை செய்கிறவர்களோடு கதைத்துக் கதைத்து, எந்த மூடிக்குள் எதைப் பார்க்கிறார்கள், எது கூடினால் என்ன, குறைந்தால் என்ன என்று அறிந்துகொண்டார். கொப்பியில் எழுதியும் வைத்தார்.

ஊர்ச்சனத்துக்கு அது போதும். கட்டிடத்தின் லிப்ற்றில் கண்டால், கோயில் வாசலில் கண்டால், கலியாண வீட்டில் சோற்றுத் தட்டோடு கண்டால், “வின்சன்ற் அண்ணை, உதை ஒருக்காப் பாருங்கோ” என்று றிப்போட்டை நீட்டுவார்கள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழே விரலை ஓட்டுவார். பெரும்பாலும் ஒரே பதில்தான்: “ஒண்டுமில்லை. யோசியாதையுங்கோ.” அவர்களுக்கு முகம் தெளியும். அந்தத் தெளிவைப் பார்க்க அவருக்குப் பிடிக்கும்.

“அரை டொக்டர் வந்திட்டார். கையைக் கழுவிப்போட்டுச் சாப்பிடச் சொல்லு,” என்று வேரோனிக்கா மகளிடம் சொல்லுவாள், அவருக்குக் கேட்கத்தக்கதாக.

*

ஞாயிற்றுக்கிழமை உடலைப் பார்வைக்கு வைத்தார்கள். மண்டபம் நிறைந்துவிட்டது. அவள் வேலை செய்த பேக்கரியில் இருந்து பாண் அடுக்குகிற பெண்கள் ஒரு வரிசை முழுக்க வந்திருந்தார்கள். பெட்டிக்குள் வேரோனிக்காவுக்குப் பூசியிருந்த பூச்சில் மஞ்சள் தெரியவில்லை. விரல்களில் செபமாலை சுற்றியிருந்தது. செபம் முடிந்து, சனம் எழும்பிக் கதைக்கத் தொடங்கிய நேரத்தில் சிவபாதம் பக்கத்துக் கதிரையில் வந்து அமர்ந்தார். அதே கட்டிடத்தில் ஏழாம் மாடி. குளிர் அங்கியைக் கழற்றாமலே இருந்தார்.

“வின்சன்ற், இது கேக்கிற நேரமில்லை. கேக்கிறவன் மனுசனுமில்லை.”

“சொல்லுங்கோ அண்ணை.”

“பேத்தியின்ர விசயம். சுபாங்கி. கால் நோகுது நோகுதெண்டு பிளட் ரெஸ்ற் எடுத்தது. நேற்று றிப்போட் போனில வந்திருக்கு. ஒரு இடத்தில அளவு கூட எண்டு அடையாளம் போட்டுக் கிடக்கு. மருமகள் அழுதபடி. அரைச் சொல்லுச் சொன்னியளெண்டால் போதும்.”

கைபேசியை நீட்டினார். வின்சன்ற்றின் கை பழக்கத்தில் சட்டைப்பைக்குள் கண்ணாடியைத் தேடிப் போட்டது. விரல் மேலிருந்து கீழே ஓடி, ஒரு வரியில் நின்றது. அல்கலைன் பொஸ்பற்றேஸ். லாப்காரர் ஏ.எல்.பி. என்று சுருக்குவார்கள். நானூற்று ஒன்று.

“எத்தினை வயசு?”

“பன்னிரண்டு முடியேல்லை.”

“ஒண்டுமில்லை அண்ணை” என்ற வார்த்தை தானாகவே நாக்கு நுனிக்கு வந்தது. வந்து அங்கேயே நின்றது.

அந்த எண்ணைப் பற்றி இன்று அவருக்குத் தெரியும். ஜூலையில் ஆஸ்பத்திரியின் இளம் டொக்டர் ஒரு தாளில் படம் போட்டு விளங்கப்படுத்தினார். வளருகிற பிள்ளையின் எலும்பு அந்தச் சத்தை இரத்தத்துக்குள் விட்டுக்கொண்டே இருக்கும். பன்னிரண்டு வயதில் நானூறு என்றால் எலும்பு தன் வேலையைச் செய்கிறது என்பதுதான். வளர்ந்த ஆளின் எலும்பு அந்த வேலையை முடித்துவிட்டது. அவருக்கு அது கூடினால் ஈரலைப் பார்க்கவேண்டும், பித்தம் இறங்குகிற குழாயைப் பார்க்கவேண்டும். வேரோனிக்காவுக்கு அடைபட்டிருந்தது அந்தக் குழாய்தான். ஈமோகுளோபினும் அப்படித்தான், பிலிருபினும் அப்படித்தான் என்றார் டொக்டர். பிறந்த நாலாம் நாள் ஸ்டெபனி மஞ்சளாகக் கிடந்தாளே, வெளிச்சத்துக்குக் கீழே இரண்டு நாள் வைத்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்களே, அந்த அளவு பிலிருபினோடுதான் வேரோனிக்கா ஜூலையில் எமேர்ஜென்சிக்குப் போனாள். தாளில் இருக்கிற எண்ணுக்கு, தான் ஆருடையது என்று தெரியாது.

“ஐஞ்சு மாசத்துக்கு முன்னம் வந்திருந்தால்?” என்று வின்சன்ற் அன்று டொக்டரைக் கேட்டார். வேரோனிக்கா குளியலறைக்குப் போயிருந்த நேரம் பார்த்து.

“சொல்ல முடியாது,” என்றார் டொக்டர். பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

சிவபாதம் வின்சன்ற்றின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எனக்குத் தெரியாது அண்ணை,” என்றார் வின்சன்ற்.

இருபது வருடத்தில் சிவபாதம் அவரிடமிருந்து கேட்டிராத சொல்.

“அவ்வளவுக்கு மோசமோ?”

“அப்பா.” பின்னால் கோப்பித் தட்டோடு நின்ற ஸ்டெபனி குனிந்து கைபேசியைப் பார்த்தாள். “இது எனக்கும் வந்ததுதானே? குறோவிங். நீங்கள்தானே எல்லாருக்கும் அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டு திரியிறனீங்கள். அங்கிளுக்குச் சொல்லுங்கோ, பாவம்.”

“அப்பிடித்தான் இருக்கும்,” என்றார் வின்சன்ற். “பிள்ளையளுக்கு இது கூடத்தான் இருக்கும். அண்ணை, மருமகளிட்டச் சொல்லுங்கோ அழவேண்டாமெண்டு. ஆனால் டொக்டர் பார்க்கட்டும். நாளைக்கே கொண்டுபோங்கோ.” சிவபாதத்தின் அங்கிக் கையைப் பிடித்துக்கொண்டார். “நான் சொன்னதெண்டு விட்டிடாதையுங்கோ. டொக்டர் வாயால சொல்லவேணும். விளங்குதோ?”

“ஓம், ஓம். விடும். நாளைக்கே போறம்.”

வின்சன்ற் பிடித்த பிடியை விடவில்லை. சிவபாதம்தான் மெல்ல விரல்களைக் கழற்றி, அந்தக் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு எழும்பினார். ஸ்டெபனி தகப்பனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கோப்பித் தட்டைக் கொண்டு பேக்கரிப் பெண்களிடம் போனாள்.

*

திங்கட்கிழமை அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்தபோது கதவுக்குக் கீழே ஒரு அறிவித்தல் செருகிக் கிடந்தது. புதன்கிழமை பெயின்ற் அடிக்க ஆட்கள் வருவார்கள், சுவரை ஒட்டிய சாமான்களை நகர்த்திவைக்கவும் என்று கட்டிட நிர்வாகம் எழுதியிருந்தது. நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை வருகிறவர்கள், வேறு நாள் கிடைக்காததுபோல.

மறுநாள் காலையில் பேபி அக்கா வாளியும் துணியுமாக வந்தாள். எதிர்வீடு. செத்த வீட்டை அப்படியே விடக்கூடாது, துடைக்கவேண்டும் என்பது அவளுடைய கட்டளை. பெயின்ற் அடிக்கப்போகிற சுவரை ஏன் கழுவவேண்டும் என்று ஸ்டெபனி கேட்டுப் பார்த்தாள்.

“பெயின்ற்காரன் வந்து எண்ணெய்க் கறையைப் பாத்திட்டு, தமிழ்ச் சனம் இப்பிடித்தான் எண்டு சொல்லுறதோ? கொம்மா எழும்பி வந்து எனக்கு அடிப்பா.”

துடைத்துக்கொண்டே போனவள் குசினிக் கதவுநிலைக்கு வந்தாள். நிலையின் இடது பக்கத்தில் இடுப்பு உயரத்தில் இருந்து மேலே பென்சில் கோடுகள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் வின்சன்ற்றின் சீரான கையெழுத்தில் ‘ஸ்’, திகதி, வயது. ஸ்டெபனி பதினேழு வயதில் நின்றுபோனாள். ஒவ்வொரு முறை பெயின்ற் அடிக்க வரும்போதும் வேரோனிக்கா அந்தப் பக்கத்துக்கு மட்டும் தமிழ்ப் பத்திரிகைத் தாளை ஒட்டிவிடுவாள். பெயின்ற்காரர் அதைச் சுற்றி அடித்துவிட்டுப் போவார்கள்.

ஈரத்துணி முதல் கோட்டுக்குக் கிட்டப் போனது.

“அக்கா, உதை விடுங்கோ,” என்றார் வின்சன்ற்.

குரல் அவர் நினைத்ததைவிடக் கூடிவிட்டது. பேபி அக்கா திரும்பிப் பார்த்தாள்.

“உலையில அரிசி கிடக்கு. பாத்திட்டு வாறன்,” என்று வாளியை வைத்துவிட்டுப் போனாள்.

ஸ்டெபனி கதவுநிலைக்கு முன்னால் நின்றாள். விரலால் தொடாமல், கோடுகளின் பக்கத்தால் மேலே போனாள். பத்து. பதினொன்று. பன்னிரண்டு. பன்னிரண்டுக்கும் பதின்மூன்றுக்கும் நடுவில் ஒரு கோடு. அது மற்றவைபோல மங்கவில்லை.

“அப்பா. இது ‘வே’ எண்டு போட்டிருக்கு.”

“ஓம்.”

“இந்த வருசம்.”

வின்சன்ற் அறைக்குள் போய் நீலப் பைலைக் கொண்டுவந்தார். மேசையில் வைத்து, ஸ்டெபனியின் பிரிவைத் திறந்து, அந்தப் பிளாஸ்ரிக் உறையை வெளியே எடுத்தார். உள்ளே இரண்டு தாள்களும் முதுகோடு முதுகு ஒட்டியிருந்தன. பிரித்து அவளுக்கு முன்னால் பக்கம் பக்கமாக வைத்தார். பிறகு, கடிதம் எழுதுகிறவரைப்போல, ஒன்றும் விடாமல் ஒழுங்காகச் சொல்லத் தொடங்கினார்.

“பெப்ரவரி பத்தொன்பது, புதன்கிழமை. கொம்மாவின்ர வருசாந்த றிப்போட் போனில வந்தது, நான் பிரின்ற் எடுத்தன். எல்லாம் சரி. உந்த ஒண்டு மட்டும் இருநூற்று அறுபத்தொன்று. பெரியாக்களுக்கு நூற்றிருபதுக்குள்ள இருக்கவேணும். அவ கொஞ்சம் பயந்திட்டா. நான் உன்ர பழைய தாளைத் தேடி எடுத்தன். பதினொரு வயசில உனக்கு முந்நூற்று எழுபத்திரண்டு. அண்டைக்கு அவ அழுது குழறி, டொக்டர் சிரிச்சு, வளரும் பிள்ளை எண்டு பேனையால எழுதித் தந்தவர். இஞ்ச, பார்.”

அவள் பார்த்தாள்.

“இரண்டையும் பக்கத்தில வைச்சுக் காட்டினன். பிள்ளைக்கு இதைவிடக் கூட இருந்தது, டொக்டரே ஒண்டுமில்லை எண்டவர், நீர் ஏன் பயப்பிடுறீர் எண்டு கேட்டன். அவள் வளர்ந்ததாலயல்லோ கூடினது எண்டு கொம்மா கேட்டவ. கேட்டவ, பிள்ளை. நான்தான் அந்தக் கேள்வியை எடுக்கேல்லை. அப்பிடித்தான், அதுதான் எண்டன். ‘அப்ப நானும் வளருறனாக்கும்’ எண்டா. எண்டிட்டு, இதில வந்து குதிக்காலை ஒட்டிக்கொண்டு நிண்டா. ‘கீறுங்கோ, அடுத்த வருசம் பாப்பம்’ எண்டா. அடிமட்டத்தைத் தலையில வைச்சுக் கீறினன்.”

குசினியில் பிரிட்ஜ் உறுமிவிட்டு நின்றது.

“மார்ச் மூண்டாந் திகதி கிளினிக்கில இருந்து வரச்சொல்லி மெசேஜ் விட்டவை. போறதோ எண்டு கேட்டவ. உந்த ஒரு நம்பருக்காக ஏன் ஒரு நாள் வேலையை விடவேணும், கோடைக்குப் பிறகு போகலாம் எண்டு சொன்னன். மே மாசம் உடம்பு கடிக்குதெண்டு சொறிஞ்சுகொண்டு சொன்னவ. சோப்பை மாத்தினம். ஜூலை பன்னிரண்டு கண் மஞ்சள்.” நிறுத்தினார். “அண்டைக்கு நான் பைலைத் திறக்கேல்லை. நேரே கொண்டுபோனன்.”

சொல்வதற்கு இருந்தது முடிந்துவிட்டது. வின்சன்ற் இரண்டு தாள்களின் ஓரங்களையும் ஒன்றுக்கொன்று நேராகத் தள்ளிவைத்தார்.

“எனக்குத் தெரியும்,” என்றாள் ஸ்டெபனி.

“என்ன தெரியும்?”

“உந்தக் கோடு கீறின அண்டைக்கு அம்மா கோல் பண்ணினவ. நான் போனை ஸ்பீக்கரில போட்டிட்டுப் பிள்ளையளின்ர பேப்பர் மார்க் பண்ணிக்கொண்டிருந்தனான். ‘நான் வளருறனாம், கொப்பர் அளந்து கீறினவர்’ எண்டு சொல்லிச் சிரிச்சவ. பிளட் ரெஸ்ற்றில ஏதோ கூட எண்டும் சொன்னவ. நானும் சிரிச்சனான். ‘அம்மா, ஸ்ரொப் குறோவிங், உங்கட சாறி கட்டையாப் போகும்’ எண்டனான்.” மேசை விளிம்பை நகத்தால் சுரண்டினாள். “என்ன கூட, எவ்வளவு கூட எண்டு கேக்கேல்லை. ஐ டிட்ன்ற் ஈவன் ஆஸ்க். எத்தினை நாள் உங்களிட்டச் சொல்லுவம் எண்டு பாத்தனான்.”

வின்சன்ற் அவளை நிமிர்ந்து பார்த்தார். அவள் கதவுநிலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டில் பேபி அக்கா பானையை இறக்குகிற சத்தம் கேட்டது.

அவள்தான் முதலில் எழும்பினாள். குசினியில் மூன்றாவது லாச்சியைத் திறந்து, தாய் வைத்திருந்த இடத்தில் கைவிட்டுக் காகித ஒட்டுநாடாச் சுருளை எடுத்தாள். சப்பாத்துத் தட்டுக்குப் பக்கத்தில் கிடந்த பழைய தமிழ்ப் பத்திரிகைக் கட்டில் இருந்து நாலு தாள் உருவினாள்.

“பிடியுங்கோ அப்பா.”

அவர் பிடித்தார். கீழே இருந்து தொடங்கினார்கள். இரண்டு வயதும் மூன்றும் நாலும் மறைந்தன. அடுத்த தாளில் ஏழு, எட்டு, பத்து. ஸ்டெபனி நாடாவைப் பல்லால் கடித்துக் கிழித்தாள், வேரோனிக்கா கிழிக்கிற மாதிரியே. மூன்றாவது தாளைத் தூக்கிப் பிடித்தபோது இருவருடைய கைகளும் அந்த ஒரு கோட்டுக்கு நேரே வந்து நின்றன. அது ஸ்டெபனியின் கண் புருவத்துக்குச் சரியாக இருந்தது.

“இன்னும் கொஞ்சம் மேல,” என்றாள். “இறுக்கமா ஒட்டவேணும். பெயின்ற் உள்ளுக்க போயிடும்.”

வின்சன்ற் மேசைக்குப் போய் அடிமட்டத்தை எடுத்துவந்தார். ஒட்டிய நாடாவின்மேல் அதை வைத்து, ஒரு பக்கத்தில் இருந்து மறுபக்கம்வரை, கோடு இழுக்கிற மாதிரி, மெதுவாக அழுத்திக்கொண்டு போனார்.